மந்திரக்கல் ஒளிராதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பாடசாலைகளின் தமிழ்மொழித் தினப் போட்டிக் காலம் நெருங்கினால் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் வேலை மேசைக்கு ஒரே பொருள்தான் திரும்பத் திரும்ப வந்து சேரும். சூனியக்காரி கிட்ட வந்தால் ஒளிரும் கல், முனிவரின் கோல் பட்டதும் விழிக்கும் நாகமணி, இளவரசியின் கழுத்தில் தொங்கி மாயம் நெருங்குவதை முன்கூட்டியே காட்டும் பதக்கம் என்று நாடகத்துக்கு நாடகம் பெயர் மாறினாலும், உள்ளே இருக்கும் சாமான்கள் மாறுவதில்லை. நிலவு பட்டால் நீர் கசியும் என்று நம் பழைய பாடல்கள் சொல்லும் சந்திரகாந்தக் கல்லுக்கு இதை ஒரு தங்கச்சி முறை என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே நிலவின் வேலையைக் காந்தம் செய்கிறது, நீருக்குப் பதிலாக ஒளி கசிகிறது.

கீழே எழுதியிருப்பது நான் செய்து கொடுக்கும் வகைக் கல்லுக்கும், அதைப் பார்த்து மாணவர்கள் தாமாகச் செய்துகொண்ட கற்களுக்கும் பொருந்தும். ரெசினிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த வெறுங்கூடு, அதனுள் ஒரு எல்.ஈ.டி. குமிழ், சி.ஆர்.2032 பட்டன் பற்றரி ஒன்று, காந்தம் அண்மித்தால் மூடிக்கொள்ளும் கண்ணாடிக் குழாய் போன்ற ரீட் சுவிட்ச் ஒன்று ஆகியவை கல்லில் இருக்கும். மந்திரக்கோலின் நுனியிலோ மோதிரத்திலோ வில்லை வடிவ நியோடிமியம் காந்தம் ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். ரீட் சுவிட்சுக்குப் பதிலாக, காந்தத்தை உணரும் சிறு மின்னணுச் சில்லான ஹோல் உணரியை வைத்தவர்களுக்கும் ஒரு பகுதி எழுதியிருக்கிறேன்.

கல்லைத் திறப்பதற்கு முன்

பத்துக் கற்கள் பழுது என்று வந்தால், அவற்றில் பெரும்பாலானவற்றில் கல்லில் ஒரு குறையும் இருப்பதில்லை. குறை கோலில் இருக்கும். ஆகவே அரத்தாளையும் கத்தியையும் எடுப்பதற்கு முன் இரண்டே இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலாவதாக, கோலின் நுனியைக் கடதாசிக் கிளிப் ஒன்றுக்கு அருகில் கொண்டுபோங்கள். கிளிப் தாவி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் கல்லைத் தொடவே வேண்டாம். இரண்டாவதாக, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு காந்தத்தைக் கல்லின் எல்லாப் பக்கங்களிலும் ஒட்டினாற்போல் மெதுவாக நகர்த்துங்கள். எங்காவது ஓரிடத்தில் ஒளிர்ந்தாலும் கல் உயிரோடு இருக்கிறது என்றே பொருள்.

இந்த ஒழுங்கை நான் கற்றுக்கொண்டது ஒரு போட்டி நாளின் மேடைப் பின்புறத்தில். தொலைபேசியில் கூப்பிட்ட மாணவன், "சேர், கல்லுக்கு மந்திரம் விளங்கேல்லை" என்றான். போய்ச் சேர்ந்தபோது ரீச்சர் ஒருவர் கல்லை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தார். உள்ளே எல்லாம் சரியாகவே இருந்தது. கோலின் நுனியில் பூசிய பொன்னிற வர்ணம் வட்டமாகப் பெயர்ந்து, காந்தம் இருந்த குழி வெறுமையாகக் கிடந்தது. கடைசியில், ஒப்பனை அறையில் சூனியக்காரி உட்கார்ந்திருந்த மடக்குக் கதிரையின் இரும்புக் காலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அந்தக் காந்தம் கூந்தல் ஊசி ஒன்றோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கோலைக் கதிரைக் காலில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். எடுக்கும்போது கோல் வந்திருக்கிறது, காந்தம் வரவில்லை. நியோடிமியம் காந்தத்தின் இழுவை சாதாரணப் பசையைவிட வலியது. அதை எப்போக்சிப் பசையால் ஒட்டி, மேலே துணி ஒரு சுற்றுச் சுற்றி, அதன் பிறகே வர்ணம் பூச வேண்டும்.

அறிகுறி 1: கல் ஒளிரவே இல்லை

ஒத்திகையில் ஒளிர்ந்தது, இன்று காலை இல்லை

முதற் சந்தேகம் பற்றரி. அதைக் கொன்றது பெரும்பாலும் பை. கல்லையும் கோலையும் ஒரே பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனால், பைக்குள் இரண்டும் ஒன்றையொன்று அண்மித்து, கல் இரவு முழுக்கத் தன்னந்தனியே ஒளிர்ந்துகொண்டே இருக்கும். விடியும்போது அந்தச் சிறிய பற்றரியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. புதிய பற்றரியைப் போடுங்கள். இனிமேல் கல்லை ஒரு பையிலும் கோலை இன்னொரு பையிலும் வையுங்கள். பற்றரிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கைச் செருகிவைத்து மேடைக்குப் போகும்போது உருவி எடுக்கும் முறை இன்னும் நல்லது, ஆனால் அந்த நாக்கை உருவுவதற்கு ஒரு மாணவரைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உருவாத நாக்கே அடுத்த பழுதாகிவிடும்.

பற்றரி புதிது, ஆனாலும் இல்லை

பற்றரி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பாருங்கள். எழுத்துகளும் கூட்டல் குறியும் உள்ள அகன்ற பக்கம் நேர்முனை. திருப்பிப் போட்டால் எல்.ஈ.டி. எரியாது, கெடுவதும் அரிது. சரியாகப் போட்டதும் எரியும்.

பற்றரியின் எண்ணையும் வாசியுங்கள். 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். கடைக்காரர் 2025 தந்திருந்தால் தடிப்பு 2.5 மில்லிமீற்றர்தான். இரண்டும் மூன்று வோல்ற்று, விட்டமும் ஒன்றே என்பதால் உள்ளே அழகாக உட்காரும். ஆனால் மேல்தகடு அதை எட்டாது, எட்டினாலும் அசைவில் விட்டுவிடும். அவசரத்துக்கு நாலாக மடித்த அலுமினியத் தாளை இடையில் வைத்துச் சமாளிக்கலாம், அது பக்கவாட்டில் நழுவி இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொடாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

மல்டிமீற்றர் இருந்தால் அளந்து பாருங்கள். புதிய பற்றரி மூன்று வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்டும். இங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது: களைத்த பற்றரியும் சும்மா இருக்கும்போது மூன்றை ஒட்டிக் காட்டும், குமிழ் எரியத் தொடங்கியதும் சட்டென்று விழும். ஆகவே கல்லில் பொருத்தி, காந்தத்தை அண்மித்து வைத்துக்கொண்டே அளவிடுங்கள். நீலக் குமிழுக்கும் வெள்ளைக் குமிழுக்கும் ஏறக்குறைய மூன்று வோல்ற்று வேண்டும். சிவப்புக்கு இரண்டே போதும்.

பற்றரியும் காந்தமும் நல்லவை, ஆனாலும் இல்லை

இப்போதுதான் கல்லைத் திறக்க வேண்டும். ஒரு துண்டு வயரால் ரீட் சுவிட்சின் இரண்டு கால்களையும் இணைத்துத் தொடுங்கள். குமிழ் எரிந்தால் பழுது சுவிட்சில். எரியாவிட்டால் குமிழிலோ ஈயப் பற்றிலோ. மந்திரத்தையும் மின்சாரத்தையும் பிரித்துக் காட்டும் இந்த ஒற்றைச் சோதனையைச் செய்யாமல், குமிழ், சுவிட்ச், பற்றரி மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு எது பழுதென்று தெரியாமல் நிற்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சுவிட்ச் என்று தெரிந்தால் கண்ணாடியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். கால்களைக் கண்ணாடிக்கு மிக அருகில் மடக்கும்போது மயிரிழை போன்ற வெடிப்பு விழும். மடக்கும் இடத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் குறட்டால் பிடித்துக்கொண்டுதான் மடக்க வேண்டும். வெடித்த சுவிட்சைப் பசை போட்டுக் காப்பாற்ற முடியாது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புதியது வாங்கிக்கொள்ளுங்கள். அதன் விலை அங்கே போய்வரும் முச்சக்கர வண்டிக் கூலியைவிடக் குறைவு என்பதால், போகிற வழிக்கு நான்கைந்தாக வாங்குவதே கெட்டித்தனம். ஞாயிறும் போயா நாளும் அங்கே பல கடைகள் பூட்டியிருக்கும்.

கண்ணாடி முழுசாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் காந்தம் வரும் திசையைப் பாருங்கள். கோலின் நுனி சுவிட்சின் நட்ட நடுவை நோக்கிச் செங்குத்தாக வந்தால் அது மூடாது. அந்த இடம் குருட்டுப் புள்ளி. அதே நுனியைச் சுவிட்சின் ஏதாவதொரு முனைப்பக்கம் கொண்டுபோனால் உடனே மூடும். சுவிட்ச் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்பதைக் கூட்டை மூடுவதற்கு முன் கண்டுகொண்டு, அதன் முனை வரும் இடத்தில் கல்லின் வெளிப்புறத்தில் நடிகருக்கு மட்டும் தெரியும்படி ஒரு சிறு பொட்டு வைத்துவிடுங்கள். இந்தப் பொட்டு வைத்த கற்கள் என்னிடம் திரும்பி வருவது குறைவு.

சுவிட்ச் நல்லது, குமிழ்தான் எரியவில்லை

யாராவது "வெளிச்சம் கூடட்டும்" என்று ஒன்பது வோல்ற்றுப் பற்றரியை, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தடையி இல்லாமல் இணைத்தார்களா என்று கேளுங்கள். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குமிழின் உள்ளே கறுத்த புள்ளி ஒன்று இருந்தால் கேள்விக்கு விடை அதுவே. புதிய குமிழ் வைத்து, பழைய பட்டன் பற்றரிக்கே திரும்புங்கள்.

அறிகுறி 2: அருகில் மாயம் இல்லாமலே ஒளிர்கிறது, அல்லது அணைய மறுக்கிறது

நல்லவன் வேடம் பூண்டவன் கையில் எடுத்ததும் கல் ஒளிர்ந்துவிட்டால் கதையே தலைகீழாகிவிடும். முதலில் அவனிடம் வேறு காந்தம் இருக்கிறதா என்று தேடுங்கள். கைத்தொலைபேசியின் மடக்கு உறை, கைப்பையின் கொக்கி, காந்தத்தால் சட்டையில் ஒட்டும் பெயர்ப் பட்டி, சில மாலைகளின் பின்பூட்டு ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். ஒலிபெருக்கிக்குள்ளும், கையில் பிடிக்கும் பல ஒலிவாங்கிகளுக்குள்ளும் காந்தம் உண்டு. கல்லை ஏந்திய கையாலேயே ஒலிவாங்கியையும் பிடித்தால் கல் பேச்சுக்குப் பேச்சு கண் சிமிட்டும்.

காந்தம் ஒன்றுமே இல்லாத மேசையில் வைத்தும் அணையவில்லை என்றால் கல்லை உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். தட்டியதும் அணைந்தால் சுவிட்சின் உள் நாக்குகள் ஒட்டிப்போகத் தொடங்கிவிட்டன. அன்றைய நாடகம் ஓடிவிடும், அடுத்த நாளைக்கு நம்ப முடியாது, மாற்றிவிடுங்கள். ஒரே சுவிட்சில் சிறு மோட்டரையும் இணைத்துக் கல்லை அதிர வைக்க முயன்ற கற்களில் இது அடிக்கடி நிகழும்.

தட்டியும் அணையாவிட்டால் ஈயப் பற்றுகளைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். இரண்டு பற்றுகளுக்கிடையில் ஈயம் வழிந்து பாலம் போட்டிருக்கலாம். கடற்கரைப் பக்க வீடுகளில் மாதக்கணக்கில் திறந்து கிடந்த கல் என்றால் செம்பில் பச்சை பூத்திருக்கும். அழிறப்பரால் தேய்த்து, உலர்ந்த பல்துலக்கித் தூரிகையால் துகளைத் தட்டிவிடுங்கள்.

அறிகுறி 3: மினுக்கி மினுக்கி எரிகிறது

மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். கல்லை அசைக்காமல் மேசையில் வைத்துக் காந்தத்தை நிலையாக ஒட்டி வைத்தால் மினுக்கம் நிற்கிறதா? நின்றால் கல் நல்லது, நடிகரின் கைதான் காந்தத்தின் எல்லைக்கு உள்ளும் வெளியுமாக நடுங்குகிறது. பத்து மில்லிமீற்றர் வில்லை ஒன்று என் கற்களை இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குள்தான் எழுப்பும். ஒரு வில்லையின் மேல் இன்னொன்றை அடுக்கினால் எல்லை சற்று நீளும். அதுவும் போதாவிட்டால் இரண்டாவது ரீட் சுவிட்ச் ஒன்றை முதலாவதற்குக் குறுக்காக, பக்க இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். குருட்டுப் புள்ளியும் அதோடு தொலையும்.

காந்தம் நிலையாக இருந்தும் மினுக்கினால், கல்லின் மூடியை விரலால் அழுத்துங்கள். அழுத்தும்போது நிற்கும் மினுக்கம் பற்றரித் தகட்டின் தளர்வு. தகட்டைச் சற்று நிமிர்த்துங்கள்.

அதுவும் இல்லையென்றால் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். வயர் அறுவது பெரும்பாலும் ஈயம் முடிந்து நூல்கள் தொடங்கும் இடத்தில். வெளியுறை முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, இழுத்தால் றப்பர் போல் நீளும்.

ஹோல் உணரி வைத்த கற்களுக்கு மட்டும்

ஏ3144 என்ற உணரியை வாங்கிப் பட்டன் பற்றரியோடு இணைத்துவிட்டு ஏன் எரியவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அதற்குக் குறைந்தது 4.5 வோல்ற்று வேண்டும், மூன்று வோல்ற்றில் அது விழிக்க வேண்டிய கட்டாயமில்லை. மூன்று சிறிய 1.5 வோல்ற்றுப் பற்றரிகளைத் தொடராக வைத்தவர்களின் கல் முதல் நாள் ஒழுங்காக எரிந்து இரண்டாம் மூன்றாம் நாளில் பேசாமல் படுத்துவிடும். பற்றரிகள் சற்று இறங்கியதுமே மொத்தம் 4.5க்குக் கீழே போய்விடுவதுதான் காரணம். நான்காவது பற்றரி ஒன்றைச் சேருங்கள், குமிழுக்குரிய தடையியையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

இந்த உணரிக்குக் காந்தத்தின் பக்கமும் முக்கியம். எழுத்துப் பொறித்த முகத்துக்குத் தென்முனை வந்தால்தான் அது இயங்கும். ரீட் சுவிட்சுக்கு முனை பேதமில்லை, ஆகவே ஒரு நாடகத்தில் ஓடிய கோல் இன்னொரு நாடகத்தின் கல்லை எழுப்பவில்லை என்றால் கோலுக்குள் காந்தத்தைப் புரட்டி வைத்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால், மாணவர் நாடகத்துக்கு நான் இந்த உணரியைச் சிபாரிசு செய்வதில்லை. கண்ணாடிக் குழாயே போதும்.

அறிகுறி 4: நிறம் பிழைக்கிறது

ஊதாவாக ஒளிர வேண்டிய கல் நாளுக்கு நாள் சிவந்துகொண்டு போனால் அது பற்றரி. மூவண்ணக் குமிழில் நீலமும் பச்சையும் அதிக வோல்ற்று கேட்பவை. பற்றரி இறங்கும்போது அவையே முதலில் மங்கும், சிவப்பு கடைசி வரை தாக்குப் பிடிக்கும். புதுப் பற்றரியோடும் சிவப்பு மட்டுமே வந்தால், மூன்று நிறங்களுக்கும் ஒரே தடையியைப் பொதுவாக வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். சிவப்பு எல்லா மின்னோட்டத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நிறத்துக்கு ஒரு தடையியாகப் பிரித்து வையுங்கள்.

அறிகுறி 5: அருகில் பளிச்சென்று தெரிகிறது, சபைக்குத் தெரியவில்லை

இது கல்லின் பழுதல்ல. மேடை விளக்குகள் முழுவதும் எரியும்போது ஒரு சிறு குமிழோடு யாராலும் போட்டி போட முடியாது. ஒளியமைப்பாளரிடம் அந்தக் கட்டத்துக்கு மட்டும் விளக்கை இறக்கச் சொல்லுங்கள். கூட்டின் உட்புறத்தை மெல்லிய அரத்தாளால் தேய்த்துப் பனி படர்ந்ததுபோல் ஆக்கி, பின்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டினால் ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்த ஒளி கல் முழுவதும் பரவும்.

அறிகுறி 6: கூடு மங்குகிறது, பிசுபிசுக்கிறது

மேற்பரப்பில் எண்ணெய் பூசியது போன்ற மெல்லிய படலம் மட்டும் இருந்தால், அது எப்போக்சி ரெசின் நம் ஊர் ஈரக் காற்றில் இறுகும்போது உண்டாவது. இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவினால் போய்விடும். கழுவ முன் பற்றரியை எடுத்துவிடுங்கள். விரல் நகம் பதியும் அளவுக்கு உள்வரை மென்மையாக இருந்தால் ரெசினும் அதை இறுக வைக்கும் திரவமும் கலந்த அளவு பிழைத்திருக்கிறது, எத்தனை நாள் காய வைத்தாலும் அது இறுகாது. புதிதாக வார்க்க வேண்டியதுதான்.

பற்றரியோடு சேர்த்து எல்லாவற்றையும் ரெசினுக்குள் புதைத்து வார்த்த கல் நின்றுபோனால் அதைத் துளையிட்டுத் திறக்க முயல வேண்டாம். துளை லிதியம் பற்றரியில் இறங்கினால் சூடாகிப் புகையும். கைத்தொலைபேசியின் தட்டைப் பற்றரியை உள்ளே வைத்து, அது ஊதிக் கூட்டைப் பிளந்திருந்தால் அழுத்தவும் குத்தவும் கூடாது. திறந்த வெளியில் ஒரு மண்சட்டியில் வைத்துவிட்டு, தொலைபேசி திருத்துபவர் ஒருவரின் கையில் ஒப்படைத்துவிடுங்கள். வீட்டிலிருந்த அசல் சந்திரகாந்தக் கல்லை யாராவது மேடைக்காகக் கொண்டுவந்து குளூ கன் பசையால் ஒட்டியிருந்தால், அதைக் கழற்றும் வேலையும் நம்முடையதல்ல. அந்தக் கல் தட்டினாலோ திடீரென்று சூடேறினாலோ தளம் தளமாகப் பிளக்கக்கூடியது. செட்டியார் தெருவில் கல் பதிப்பவர் ஒருவரிடம் கொடுங்கள்.

அறிகுறி 7: கல் திறந்து கிடக்கிறது, பற்றரியைக் காணவில்லை

ஒப்பனை அறைகளில் தம்பி தங்கைகளும் ஓடித் திரிவார்கள் என்பதால் இந்த அறிகுறிக்கு மட்டும் சோதனை வரிசை கிடையாது. பற்றரி போன இடம் உடனே தெரியாவிட்டால், அருகிலிருந்த சின்னப் பிள்ளை விழுங்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உணவுக் குழாயில் சிக்கிய பட்டன் பற்றரி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே அதைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடக்கூடும். பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருப்பது ஒரு சான்று ஆகாது. இரண்டு காந்தங்கள் காணாமற் போனாலும் இதே அவசரம்தான், வயிற்றுக்குள் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் நசுக்கிக்கொண்டு அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், அல்லது வாகனம் கையிலிருந்தால் பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு நேரே போங்கள். பற்றரி வந்த அட்டையையோ, அதே வகைப் பற்றரி இன்னொன்றையோ கையோடு கொண்டுபோங்கள். அதில் எழுதியிருக்கும் எண்ணை மருத்துவர் கேட்பார்.